ஆண் இல்லாமலே பெருகும் கொய்யா வேர்ப்புழு: கன்று வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

மழை பிடித்ததும் மதுரை, திண்டுக்கல் பக்கம் கொய்யா கன்று நடும் வேலை தொடங்கிவிடும். சில தோப்புகளில் நல்லா இருந்த மரம் இலை வெளுத்து, காய் சிறுத்து, பட்டுப்போகிறது. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது.

இதில் 'மெலாய்டோகைனி என்டரோலோபி' என்ற இனம் 1983-ல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்டது. இந்தியாவில் கொய்யாவில் இது இருப்பதாக 2016-ல் பதிவானது பழனி பக்கத்து ஆயக்குடியில். கொய்யாவுக்கே பேர்போன ஊர். 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

ஒரே ஒரு பெண் புழு வந்தாலே தோப்புக்கு ஆபத்து. ஏன்?

மனிதர்களில் இரண்டு எக்ஸ் என்றால் பெண், எக்ஸும் ஒய்யும் என்றால் ஆண். (பெண் குழந்தை பிறந்ததும் அம்மாவைக் குறை சொல்பவர்கள் கவனிக்க: எக்ஸா, ஒய்யா என்பது அப்பா தருவது.) ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் 'சீ. எலிகன்ஸ்' நூற்புழுவில் ஒய் கிடையாது. இரண்டு எக்ஸ் இருந்தால் இருபாலுயிரி, ஒன்றுதான் என்றால் ஆண்.

கொய்யா புழு இந்தக் கணக்குக்குள்ளும் வராது. பெண் புழு ஆணோடு சேராமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் ஏறக்குறைய தாயின் நகல். அவை ஆணா பெண்ணா என்பதைச் சாப்பாடுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. வேரில் இடமும் உணவும் தாராளம் என்றால் பெண்கள். கூட்டம் நெருக்கினால், வேர் நலிந்தால், ஆண்கள் கூடுகின்றன. வேர்முடிச்சு நூற்புழுக்களில் பெண்ணாக வளரத் தொடங்கிய குஞ்சுகூட பாதியில் ஆணாக மாறுவதுண்டு. வளர்ந்த ஆண் சாப்பிடாது, வேரை விட்டு மண்ணுக்குள் போய்விடும். முட்டையிடவும் அதன் உதவி தேவையில்லை, பாவம்!

அதாவது, ஆண்கள் கூடினால் வேரில் நெருக்கடியோ நலிவோ இருக்கலாம் என்று அர்த்தம்.

புழு தானாக ரொம்ப தூரம் நகராது. கன்றின் பை மண்ணோடு லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. நட்ட பிறகு முழுசா ஒழிப்பது நடக்காத காரியம். வேப்பம் பிண்ணாக்கு, பர்பூரியோசிலியம் பூஞ்சை, ஊடுபயிராகச் செண்டுமல்லி எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். தக்காளி, கத்தரியை ஊடுபயிராக்கினால் அதிலும் ஏறும். மற்ற வேர்முடிச்சுப் புழுக்களைத் தடுக்கும் 'எம்ஐ' மரபணு உள்ள தக்காளி ரகங்களும் இதனிடம் தோற்றுப்போகின்றன.

அதனால் நாற்றங்காலிலேயே ஒரு கன்றின் பையைக் கிழித்து, வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்க. உளுந்து வேரில் இருக்கும் முடிச்சு கையால் தேய்த்தால் உதிரும். இது உதிராது, வேரே பருத்திருக்கும். ஒரு கன்றில் இருந்தாலும் அந்த லாட்டையே எடுக்காதீங்க.