நிறுத்திவைத்த லைசென்ஸும் வயிற்றுப்பாட்டு விலக்கும்

ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டவர் பிழைப்புக்காக மட்டும் வண்டி ஓட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆழமாக வேர் விட்டிருக்கிறது. பேட்டையில் தொடங்கி பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று பாபநாசம் வரை லோடு ஆட்டோ, வேன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களிடையே அது எழுதாத சட்டமாகவே புழங்குகிறது. “வயித்துப்பாட்டுக்கு ஓட்டுதோம், களவாங்கவா செய்தோம்?” என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். போலீஸ் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையில் இருந்தால் போதும், மூன்று மாதம் கழிந்தால் கார்டு தானாகக் கைக்கு வந்துவிடும், அவசரமென்றால் புரோக்கர் பார்த்துக்கொள்வார், அதுவும் ஆகாவிட்டால் வேறு ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்பவையெல்லாம் அதே நம்பிக்கையின் கிளைகள். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. நம்புகிற ஓட்டுநரைக் கடனிலும் வழக்கிலும் தள்ளுவதோடு, சட்டம் அவருக்கு உண்மையிலேயே திறந்து வைத்திருக்கும் வழிகளையும் இந்த நம்பிக்கை கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தை முடக்கும் அதிகாரத்தை இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறது. 19ஆம் பிரிவின்படி உரிமம் வழங்கும் அதிகாரி, அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலர், ஓட்டுநரைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தகுதியிழக்கச் செய்யலாம். உரிமத்தை அடியோடு ரத்தும் செய்யலாம். 20ஆம் பிரிவின்படி, தண்டனை விதிக்கும் நீதிமன்றமும் தகுதியிழப்பு ஆணை போடலாம். இவை போக, யார் ஆணையும் இல்லாமலே உரிமம் செயலிழக்கும் நிலை ஒன்றும் உண்டு. அபாயகரமாக ஓட்டியதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர்மீது, அதே குற்றத்தால் மரணமோ கொடுங்காயமோ விளைவித்ததாக மறுபடியும் வழக்குப் பதிவானால், பதிவான நாள் முதல் 6 மாதத்துக்கு அவருடைய உரிமம் நின்றுபோகிறது என்கிறது 21ஆம் பிரிவு. அதற்குள் அவர் விடுவிக்கப்பட்டால் அந்த நாளோடு தடை முடியும்.

எந்தச் செயலுக்கு உரிமம் போகும் என்பதிலும் மக்கள் மனத்தில் இருப்பது மிகக் குறுகிய பட்டியல்தான். குடித்துவிட்டு ஓட்டுவது, ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போவது என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதியைப் படித்தால் பலரும் திடுக்கிடுவார்கள். அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது, வேக வரம்பை மீறுவது, ஓட்டும்போது செல்போனில் பேசுவது, பயணிகளிடம் தகாத முறையில் நடப்பது, வாடகைக் காரில் கூடுதல் கட்டணம் கேட்பது எல்லாம் அதில் இருக்கின்றன. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதும் அங்கேயே இருக்கிறது. பிசான நடவுக்குப் பெண்களை லோடு ஆட்டோவில் ஏற்றிச் செல்வதும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மினி லாரியில் உறவுக்கூட்டத்தையே கொண்டுபோவதும் இந்தப் பகுதியில் யாரும் குற்றமாக நினைக்காத வழக்கங்கள். உரிமத்தை நிறுத்திவைக்க அந்த ஒரு பயணம் போதும். இருசக்கர வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் போனாலும், மூன்று பேர் ஏறிப் போனாலும், 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதத் தகுதியிழப்பும் சேர்ந்தே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அபராதத்தோடு விட்டுவிடுவது மிகுதி. அந்தத் தளர்ச்சியே மூட நம்பிக்கைக்கு உரமாகிறது.

இந்த இறுக்கத்தின் வரலாறு தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014 ஏப்ரலில், நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்போன் பேச்சு, கூடுதல் சுமை, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அந்தக் குழு மாநிலங்களைப் பணித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதே திசையில் மேலும் நகர்ந்தது.

போலீஸ் சீட்டைப் பற்றிய நம்பிக்கை தகர்வது அந்தத் திருத்தத்தில்தான். ஆவணங்களைக் கைப்பற்றுவது பற்றிப் பேசும் 206ஆம் பிரிவின் பழைய பகுதி, உரிமத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்றும், அதை வைத்து ஓட்டலாம் என்றும் சொல்கிறது. நம்பிக்கை முளைத்தது அந்த வரியிலிருந்து. 2019இல் சேர்த்த 4ஆம் உட்பிரிவு வேறு விதமானது. அதிவேகம், அபாயகரமான ஓட்டம், குடிபோதை, கூடுதல் ஆள், ஹெல்மெட் இன்மை, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை போன்ற குற்றங்களுக்காக உரிமத்தைக் கைப்பற்றி அதிகாரிக்கு அனுப்பினால், கொடுக்கும் சீட்டு ஓட்டும் உரிமையைத் தராது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சீட்டுகளில் ஒன்று ஓட்ட விடும், மற்றது விடாது. சீட்டு எந்த உட்பிரிவின்கீழ் எழுதப்பட்டது என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர், வண்டியைக் கிளப்பிய கணத்திலேயே அடுத்த குற்றத்துக்குள் போய்விடுகிறார்.

பிழைப்பு விலக்கு என்பது உலகத்தில் எங்குமே இல்லாதது அல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில், உரிமம் நிறுத்தப்பட்டவர் வேலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வர, நேரமும் வழியும் குறித்த வரம்புள்ள உரிமம் பெற முடியும். டெக்சாஸில் அதை நீதிமன்ற ஆணை வழியாக வாங்க வேண்டும். குடிபோதை வழக்கென்றால், மூச்சில் சாராயம் இருந்தால் வண்டியைக் கிளம்பவிடாத கருவியைப் பொருத்தும் நிபந்தனையும் சேரலாம். நெல்லைச் சீமையிலிருந்து பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் நிலைமை இன்னும் கடுமை. ஓராண்டோ அதற்கு மேலோ தகுதியிழந்தவர் மறுபடி தேர்வில் தேறினால்தான் அங்கே ஓட்ட முடியும். இந்தியச் சட்டத்தில் வேலைக்கு மட்டும், பகலில் மட்டும், இன்ன சாலையில் மட்டும் என்ற அனுமதி கிடையாது. கொண்டுவரலாமா என்பது நாடாளுமன்றம் பேச வேண்டிய கேள்வி. நாங்குநேரி நாற்கரச் சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் அதைத் தாமே தமக்கு வழங்கிக்கொள்ள முடியாது.

அந்த நம்பிக்கையின் அறமும் கோணலானது. நிறுத்திவைத்த உரிமத்தோடு வேன் ஓட்டுபவரின் வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசும் ஊர், அந்த வேனில் ஏறுகிறவர்களின் வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நடவுக்குப் போகும் பெண்களும், பஞ்சாலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டத் தகுதியில்லை என்று விசாரித்து முடிவுசெய்யப்பட்டவரின் கையில் தங்கள் உயிர் இருப்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியுமில்லை.

தகுதியிழந்த காலத்தில் ஓட்டினால் 182ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. இந்தக் காலத்தில் வேறு அலுவலகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதுகூட அதே பிரிவில் குற்றம். அப்படி வாங்கிய உரிமம் செல்லவும் செல்லாது. டி.என். 72 போனால் டி.என். 76 என்று தென்காசிக்குக் கிளம்புபவருக்குச் ‘சாரதி’ என்ற நாடு தழுவிய கணினிப் பதிவே முதல் தடை. தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ உண்டு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழுகிறது. பிழைப்பைக் காரணம் காட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. தகுதியிழந்த காலத்தில் ஒருவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிறுவனம் வாதிட 150ஆம் பிரிவு இடம் தருகிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு முதலில் நிறுவனமே பணம் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்பது ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் உறுதிப்படுத்திய நெறி. உரிமையாளர் தெரிந்தோ கவனக்குறைவாலோ விதியை மீறினார் என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கடன் வாங்கி லோடு ஆட்டோ எடுத்துத் தாமே ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு பயன்படாது. தம் உரிமம் நிறுத்தப்பட்டது தமக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாதே! ஒரு மரணத்துக்கான இழப்பீடு பல லட்சங்களில் விதிக்கப்படும்போது வண்டியும் வீடும் நஞ்சையும் சேர்ந்தாலும் போதாமல் போகலாம். வண்டிக்கான சேதத்தொகையும் அவருக்குக் கிடைக்காது. அவரே இறந்துவிட்டால், உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அவருடைய பிள்ளைகளுக்கு வராமல் போகும். செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

உண்மையான வழிகள் வேறு. முதலாவது, விசாரணை. 19ஆம் பிரிவில் எந்த ஆணையும் ஓட்டுநரின் தரப்பைக் கேட்ட பிறகே போடப்பட வேண்டும்; காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்ததும் புரோக்கரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவர், கையிலிருக்கும் ஒரே நல்ல வாய்ப்பை விற்றுவிடுகிறார். போலீஸ் அனுப்பிய வழக்கில் ஓட்டுநரை முழுவதுமாக விடுவிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இன்னொன்று அதைவிடக் குறைவாகவே அறியப்பட்டது. உரிமத்தில் உள்ள எல்லா வகை வண்டிகளுக்கும், அல்லது ஏதேனும் ஒரு வகைக்கு மட்டும் தடை விதிக்கலாம் என்பது அந்தப் பிரிவின் அமைப்பு. ஆணை சொல்லும் அளவுக்கு மட்டுமே உரிமம் செயலிழக்கும் என்கிறது 23ஆம் பிரிவு. பைக்கில் செய்த தவறுக்காக நோட்டீஸ் பெற்ற லாரி ஓட்டுநர், தடையை இருசக்கர வண்டியோடு நிறுத்தும்படி எழுத்தில் கேட்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிக்கு இல்லை; கேட்காதவருக்கு அது கிடைக்கப்போவதும் இல்லை. வரம்புள்ள ஓட்டுரிமை என்று இந்தியாவில் ஏதாவது இருக்குமானால் அது இதுதான்.

ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விபத்து வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானதை மட்டுமே காரணமாகக் காட்டி அரசுப் பேருந்து ஓட்டுநர்களின் உரிமத்தை நிறுத்திய ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பலமுறை ரத்து செய்திருக்கின்றன. குற்றச்சாட்டு வேறு, குற்றம் உறுதியாவது வேறு என்பது அவற்றின் அடிப்படை. அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிப் போடும் ஆணைகள் நிற்காமல் போவதும் இதனால்தான். நீதிமன்றம் போட்ட தகுதியிழப்பு ஆணை என்றால், மேல்முறையீடு செய்ததாலேயே அது நின்றுவிடாது. மேல்நீதிமன்றம் தனியாக நிறுத்திவைக்க வேண்டும். நீண்ட காலத் தடையைப் பெற்றவர், ஆணை நாளிலிருந்து 6 மாதம் கழிந்ததும், அதை நீக்கும்படியோ மாற்றும்படியோ ஆணையிட்டவரிடமே விண்ணப்பிக்கலாம். அது மறுக்கப்பட்டால் அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் 3 மாதம் பொறுக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்ததும் கார்டு தானாக வீடு தேடி வராது. உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலோ அறிவிக்கப்பட்ட நிறுவனத்திலோ புத்தாக்கப் பயிற்சியை முடித்தவருக்கே உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2019இல் சேர்ந்த நிபந்தனை. கார்டு கைக்கு வந்ததோடு நில்லாமல், சாரதி பதிவில் தடை நீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் நிறுத்தும் அதிகாரி கருவியில் காண்பது அந்தப் பதிவைத்தான். இடையில் உரிமத்தின் ஆயுளும் முடிந்திருந்தால் புதுப்பிப்பது தனி வேலை. காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். போலீஸ் கைப்பற்றி அனுப்பிய வழக்கில் முதல் தடவைக்கு 3 மாதத் தடை. இரண்டாம் தடவை அதே பாதையில் வந்தால் உரிமம் ரத்தாகும், ரத்தானவரின் பெயரைப் பொதுவில் வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது.