எப்பவும் கேஸ்தான், டாக்டர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அக்கா மருத்துவராக இருந்த வீட்டிலேயே நடந்தது இது. 1954இல் அடையாறில் அவர் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்குப் பின்னால் அந்தச் சாவு இருக்கிறது.

இன்று சீதபேதிக்குப் பதில் வேறு பெயர்கள்: வாயு, அல்சர், டென்ஷன், 'அந்த வயசு'. வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, நாலு வாய் சோற்றிலேயே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது என்று ஒருத்தி வாரக்கணக்கில் சொன்னால் சினைப்பைப் புற்றுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிடைப்பதோ வாயு மாத்திரை. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் சோதிக்க வேண்டும். 'ஹார்மோன்தாம்மா' என்று அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது என்பார்கள். உண்மைதான். அதைச் சோதித்துவிட்டுச் சொல்லட்டும்.

அறிகுறி தெளிவாக இல்லை என்பது பாதி நியாயம். மீதி, அவளைப் பேசவிட்டார்களா என்பது. அவள் உட்காருவதற்குள் 'இவளுக்கு எப்பவும் கேஸ்தான் டாக்டர்' என்று கணவர் முடித்துவிடுகிறார்; டாக்டரும் அவரைப் பார்த்தே தலையாட்டுகிறார்.

என் மாணவிகளிடம் சொல்கிறேன்: அம்மாவைக் கூட்டிப்போனால் அவரையே பேசவிடுங்கள். 'அது', 'அங்க' என்று விழுங்காமல் (தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?) உறுப்பின் பெயரைச் சொல்லட்டும். எத்தனை நாளாக என்று தேதியோடு குறித்துக் கொண்டுபோங்கள். மாத்திரைக்குக் குறையாவிட்டால் அடுத்து என்ன சோதனை என்று கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.