சின்னஞ்சிறு கெண்டைக்காக ஒரு கேள்வி

திருமுல்லைவாயிலில் இன்று முல்லைக்கொடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொடி போனாலும் ஊரின் பெயரில் அது நிலைத்துவிட்டது. பெயரும் மிஞ்சாமல் மறையக்கூடிய ஓர் உயிரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

சென்னை வட்டாரத்து நன்னீருக்கே உரிய சிறு கெண்டை ஒன்று உண்டு. ஒரு விரல் நீளம்கூட இராது. ஏ.ஜி.கே. மேனன், கே. ரேமா தேவி என்ற ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில்தான் அதைத் தனி இனம் என்று கண்டறிந்தார்கள். பெத்தியா சர்மாய் என்பது இன்று அதன் அறிவியல் பெயர். நேற்றுப் பெயர் பெற்ற மீன், இன்று அருகிவரும் இனங்களின் வரிசையில் நிற்கிறது.

குஞ்சு மீனுக்காக இத்தனை கவலையா என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் கொரட்டூர் ஏரிக்கரையில் சற்றே நின்று பார்க்கட்டும். அந்த ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. மீனைக் கொல்லும் நீர் மனிதனை மட்டும் வாழவைக்குமா?

கழிவுநீர் ஒரு பகை. வந்தேறி மீன் மற்றொரு பகை. கொசுவை ஒழிக்க 1928-ல் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட கம்பூசியா, கொசுப்புழுவோடு நிற்கவில்லை. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. 1952-ல் மண்டபத்துக்கு வந்த ஜிலேபிக் கெண்டையோ ஏரிதோறும் பரவிவிட்டது. உலகின் மிகக் கேடான 100 அயல் இனங்களின் பட்டியலில் இவ்விரண்டும் உள்ளன. கொசுப்புழுவைத் தின்ன நம் முண்டக்கண்ணி மீன் இல்லையா? வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டு, விருந்தாளிக்குப் பந்தி விரிப்பது என்ன நியாயம்?

ஏரியைச் சீர்திருத்துகிறோம் என்று கரையைக் கல்லால் கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைக்கிறார்கள். நடப்பவருக்குப் பாதை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சிறு மீன்கள் முட்டையிடுவது கரையோரப் புல்லிலும் பாசியிலும். அந்த ஆழமற்ற விளிம்பைச் சுரண்டியெடுத்தால், அழகான கரை இருக்கும். உயிருள்ள ஏரி இராது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு தயாரிக்கச் சொல்கிறது. அருகிவரும் இனங்களை அறிவித்துக் காக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. ஆகவே, ஆவடி மாநகராட்சியைக் கேட்கிறோம்: திருமுல்லைவாயில் ஏரி குளங்களில் எஞ்சியுள்ள நாட்டு மீன்களை ஆய்வாளரையும் மீனவரையும் கொண்டு கணக்கெடுங்கள். நாட்டு மீன் வாழும் நீரில் கம்பூசியா விடுவதை நிறுத்துங்கள். ஒவ்வோர் ஏரியிலும் ஒரு பக்கக் கரையையேனும் புல்லோடு விட்டுவையுங்கள்.

கோடிக்கணக்கில் செலவாகும் திட்டமல்ல இது. மனம் இருந்தால் போதும். முல்லையை இழந்த ஊர், மீனையும் இழக்க வேண்டாம்.