தொட்டி வாழைக்குக் குளிர்காலத் தூக்கம்

டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு எங்கள் திருத்தணி மலையின் 365 படிகளிலும் கூட்டம் நிறையும். அந்தக் குளிருக்கு நமக்கு ஒரு சால்வை போதும். வாழைக்கு அதுவும் வேண்டாம். டொராண்டோவிலுள்ள என் மகளோ, "அம்மா, தொட்டி வாழையை உள்ளே வெச்சும் இலையெல்லாம் பழுக்குது. தூக்கிப் போட்டுடவா?" என்கிறாள். பிள்ளைகள் குளிர் தேசத்தில் இருக்கும் சகோதரிகளுக்காக, அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

சுமார் 15 டிகிரிக்குக் கீழே வாழை வளராது. உறைபனி பட்டால் இலை கருகிவிடும். இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடுமுன் தொட்டியை உள்ளே எடுத்துவிடணும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் மாவுப்பூச்சி தங்காது. வெயில் விழும் ஜன்னலோரம் நல்லது. ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது.

மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். உரம் வேண்டவே வேண்டாம். தூங்கும் செடிக்குப் பாசத்தோடு ஊற்றும் தண்ணீர்தான் வேரை அழுக வைக்கும்.

இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்த்த குட்டை வாழை 1835-ல் பூத்தது. அந்த மாளிகைப் பிரபுவின் குடும்பப் பெயர்தான் கேவண்டிஷ். இன்று கடைகளில் வாங்கும் பச்சை வாழைக்கும் அதே பெயர்.

வாழையின் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கில். இலை முழுக்கப் போனாலும், கிழங்கை அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் காத்திருங்கள். உறைபனி பயம் தீர்ந்ததும் வெளியே எடுத்து, முதல் வாரம் நிழலில் வையுங்கள். பக்கக்கன்றாவது தலைகாட்டும். வாழையடி வாழை என்று சும்மாவா சொன்னார்கள்?