பிரசுரமும் காப்புரிமையும்

1994 டிசம்பர் இறுதியில் கம்ப்யூசர்வ் நிறுவனம் விடுத்த அறிவிப்பு, ஆண்டிறுதி விடுமுறையின் ஆரவாரத்தில் எவர் கண்ணிலும் படாமற் போகட்டும் என்றுதான் அந்நாளில் வெளியிடப்பட்டதோ என்னவோ, சில தினங்களுக்குள் நம் துறையினர் அனைவரையும் எட்டிவிட்டது. ஜி.ஐ.எஃப். படக் கோப்புகளைக் கையாளும் மென்பொருளைத் தன் சேவைக்கென விற்போர், எல்.இஸட்.டபிள்யூ. சுருக்க முறையின்மீது யூனிசிஸ் கொண்டிருந்த காப்புரிமையை முன்னிட்டு, ஒரு டாலர் கட்டிப் பதிந்துகொண்டு, பிரதி ஒன்றுக்கு விலையில் ஒன்றரை சதவீதமோ 15 சென்ட்டோ, இவற்றுள் எது மிகுதியோ அதைச் செலுத்திவர வேண்டும் என்பது அதன் சாரம். இலாப நோக்கமற்ற நிரல்களுக்கு உரிமம் வேண்டியதில்லை என்றும், 1995-க்கு முன் விற்றவற்றில் அறியாமல் நேர்ந்த மீறலைத் தொடரப்போவதில்லை என்றும் ஜனவரியில் யூனிசிஸ் தெரிவித்தது. குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு வழங்கும் பெருந்தன்மை அது.

அக்காப்புரிமை நடப்பில் இருந்தவரை, நடைமுறை யோசனை கேட்டோருக்குச் சொல்லக்கூடியது சுருக்கமானதே. எட்டுப் பிட் ஜி.ஐ.எஃப். படத்தை 254 படப்புள்ளிகளுக்கு ஒருமுறை அழிப்புக் குறியிட்டு, ஒன்பது பிட் குறிகளாகவே எழுதிச் சென்றால், அகராதி பயன்படுவதில்லை. கோப்பு எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருக்குமேயன்றி, பழைய வாசிப்பு நிரல்கள் யாவும் அதைத் தடையின்றித் திறக்கும். டிஃப் பட வடிவில் எல்.இஸட்.டபிள்யூ.வை விடுத்து வேறு சுருக்க வகையைத் தேர்ந்துகொள்வதே அன்றைய வழி. தாமஸ் பௌட்டெல் முன்வைத்து, பின்னர் பி.என்.ஜி. என்ற பெயரோடு உருவான வடிவம், டிஃப்ளேட் சுருக்க முறையைக் கைக்கொண்டிருப்பதாலும், ஜி.ஐ.எஃப்.பின் 256 வண்ண வரம்பைக் கடப்பதாலும், எமது முழு ஆதரவுக்குரியது.

இனி, இவ்விதழ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் விஷயத்திற்கு வருவோம். டெர்ரி வெல்ச் தம் எல்.இஸட்.டபிள்யூ. முறையை ஐ.ஈ.ஈ.ஈ.யின் கம்ப்யூட்டர் சஞ்சிகையில் பிரசுரித்தது 1984 ஜூனில். காப்புரிமை வழங்கப்பட்டதோ 1985 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் அக்கட்டுரையைப் படித்து, அதன் எளிமையில் மயங்கி, யூனிக்ஸின் கம்ப்ரெஸ் நிரலை எழுதியோரும், பின்னர் 1987-இல் ஜி.ஐ.எஃப்.பை வகுத்தோரும், சாஸ்திர சஞ்சிகையில் வந்த ஒன்று சாஸ்திரத்தின் பொதுச் சொத்து என்று நம்பியதில் என்ன பிழை? அதே 1987-இல், ஜூலையில் சிக்ராஃப் மாநாட்டில் லோரென்சனும் கிளைனும் மார்ச்சிங் க்யூப்ஸ் படிமுறையை விளக்கினர். டிசம்பரில் அது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் காப்புரிமையாயிற்று. மாநாட்டுத் தொகுதியைப் புரட்டி அதனை நிரலாக்கிய ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டையும் புரட்டியிருப்பர்? கட்டுரையைப் பரிசீலித்துக் குறியீட்டுப் பிழை முதல் மேற்கோள் வரிசை வரை திருத்தி அனுப்பும் நடுவர்களிடமிருந்து, இதன்மீது விண்ணப்பம் நிலுவையில் உண்டா என்ற ஒரு கேள்வி மட்டும் எழுவதேயில்லை.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் போக்கோ சஞ்சிகைகளின் அசட்டையை மன்னிக்கத்தக்கதாக்கி விடுகிறது. எக்ஸ்-ஆர் தர்க்கச் செயலைக் கொண்டு சுட்டியை வரைந்து, மீண்டும் எக்ஸ்-ஆர் செய்து அழிக்கும் உத்திக்கு, அதாவது எந்த முதலாண்டு மாணவனும் ஒரு பிற்பகலில் தானே கண்டுகொள்ளக்கூடிய ஒன்றுக்கு, 1980-இல் அது முத்திரை குத்தித் தந்தது. எல்.இஸட்.டபிள்யூ. விஷயத்தில் இன்னும் விசித்திரம்: வெல்ச்சின் விண்ணப்பம் வந்த 1983 ஜூனிலேயே தொடங்கிய ஐ.பி.எம்.மின் மில்லர், வெக்மன் இருவரின் விண்ணப்பத்திற்கும், அதே முறையைத் தழுவுவதாகத் துறையினர் பலர் வாசிக்கும் கோரிக்கைகளோடு, 1989-இல் தனியாக ஒரு காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது! ஒரே நிலத்தை இருவருக்குப் பத்திரம் பதிந்து கொடுத்த சார்பதிவாளருக்கு நம் ஊரில் என்ன நேரும் என்பது தெரியும். அங்கே பரிசோதகர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறார். படிமுறையை மதிப்பிடும் பயிற்சியின்றி, பிரசுரமான இலக்கியத்தை விட்டுப் பெரும்பாலும் தம் பழைய காப்புரிமைகளையே தேடிப் பார்த்த அதிகாரிகளின் தீர்ப்புக்கு, நிரல் எழுதுவோர் ஆண்டுக்கணக்கில் கப்பம் கட்ட வேண்டும் என்பதை எந்த நியாயத்தால் ஒப்புக்கொள்வது?

அவர்களைத் திருத்த எமக்கு வலிமையில்லை. ஆயினும் எமது பக்கங்கள் எமது அதிகாரத்திற்கு உட்பட்டவை. அடுத்த இதழ் முதல், கட்டுரை அனுப்புவோர், தாம் விவரிக்கும் முறையின்மீது தமக்கோ தம் நிறுவனத்திற்கோ வழங்கப்பட்ட அல்லது நிலுவையிலுள்ள காப்புரிமை உண்டா இல்லையா என்பதைக் கையொப்பமிட்டுத் தெரிவிக்க வேண்டும். அவ்விடை கட்டுரைத் தலைப்பின் கீழேயே அச்சாகும். விடை தராத கட்டுரை, எத்துணை சிறப்புடையதாயினும், நடுவர்களிடம் செல்லாது.