ஏழு நாள் முகாமில் இரண்டு நாள்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். மாணவர்கள் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், கலைநிகழ்ச்சியோடு ஊர் திரும்புகிறார்கள். 1969-இல் தொடங்கிய இத்திட்டத்தின் பயனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே தெருவில், நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டி ஒருவர் கேட்க ஆளின்றித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

நெல்லை, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டையே பாருங்கள். கொடை விழாவில் பாடப்படும் சாமி கதை ஏட்டில் கிடைத்துவிடலாம். குடம் அடிப்பவரின் கைவாக்கும் பக்கப்பாட்டுக்காரர் குரல் கொடுக்கும் இடமும் எந்த ஏட்டிலும் இல்லை. அவை ஆட்களோடு போய்விடும். பேராசிரியர் நா. வானமாமலை நண்பர்களின் துணையோடு ஊர் ஊராகப் பாடல்களைத் திரட்டினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை கண்டது. மற்ற கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஏன் தயங்க வேண்டும்?

முகாமில் இரண்டு நாளை இத்தகைய பாடல்களின் பதிவுக்கு ஒதுக்குங்கள். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கைபேசி இருக்கிறது. பதிவின் ஒரு படி அந்த ஊர் நூலகத்துக்கே போக வேண்டும். பாடியவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். அவருக்கு மதிப்பூதியமும் தர வேண்டும். அடுத்த முகாமிலேயே இதைத் தொடங்கலாம்.