திக்கிப் பேசிய சிறுவன், 35 வருட வர்ணனையாளர்: கென் வென்சுரி கதையில் நாம் கவனிக்க வேண்டியது என்ன?

இன்டர்வியூவில் சரளமாகப் பேசுபவருக்கு வேலை. தயங்கித் தயங்கிப் பேசுபவருக்கு, 'அப்புறம் சொல்றோம்'. இது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால், பேச்சு திக்கும் ஒருவர் பேசுவதையே தொழிலாக்கிக் காட்டிய வரலாறு கோல்ஃபில் இருக்கிறது.

யார் இந்த கென் வென்சுரி?

1931-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதில் கடுமையான திக்குவாய். இவனால் ஒழுங்காகப் பேசவே முடியாது என்று ஆசிரியர் ஒருவர் அவருடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கோல்ஃப் என்றால் தனியாக ஆடலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்.

1956 மாஸ்டர்ஸ் போட்டியில் அமெச்சூர் வீரராக, 4 ஷாட் முன்னிலையோடு கடைசிச் சுற்றைத் தொடங்கினார். கோல்ஃபில் குறைவான ஷாட் அடிப்பவர்தான் வெற்றியாளர். அன்று வென்சுரி அடித்தது 80. ஒரே ஒரு ஷாட்டில் பட்டம் போச்சு.

100 டிகிரி வெயிலில் ஒரு வெற்றி

1964 யு.எஸ். ஓபன், வாஷிங்டன் அருகே காங்கிரஷனல் மைதானம். அப்போது கடைசி நாளில் ஒரே மூச்சாக 36 குழிகள் ஆட வேண்டும். வெயில் 100 டிகிரியைத் தொட, பாதி ஆட்டத்திலேயே வென்சுரி துவண்டுபோனார். தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தார். உப்பு மாத்திரை, ஐஸ், கூடவே நடந்துவந்த டாக்டர் என்று ஆடி முடித்து, 4 ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருடமே, ஒரே நாளில் 36 குழி என்ற முறை கைவிடப்பட்டது.

ஆனால் கைகள் ஒத்துழைக்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப்போகும் 'கார்ப்பல் டனல்' பிரச்னை. 1966-ல் தன்னுடைய 14-வது பி.ஜி.ஏ. டூர் வெற்றி. அதுவே கடைசி. முப்பதுகளின் நடுவிலேயே அவருடைய முதல் கரியர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

மைக் எப்படி வந்தது?

1960-களின் பிற்பகுதியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சேர்ந்தார். 2002-ல் ஓய்வு பெறும் வரை சுமார் 35 ஆண்டுகள் அங்கே முன்னணி ஆய்வு வர்ணனையாளர்.

இது எப்படி சாத்தியம்? கோல்ஃப் ஒளிபரப்பில் இரண்டு வேலைகள் உண்டு. ஆட்டத்தை நடத்திச் செல்வது ஒருவர் வேலை. காற்று எந்தப் பக்கம், இந்த இடத்தில் எந்த ஸ்டிக்கை எடுக்க வேண்டும், பந்து ஏன் விலகியது என்று விளக்குவது ஆய்வாளர் வேலை. வீரர் அடிக்கும்போது ஆய்வாளர் அமைதியாக இருக்க வேண்டும். அங்கே நிறைய பேசுவதைவிட சரியாகப் பேசுவதுதான் முக்கியம். வென்சுரியிடம் அந்தச் சரக்கு இருந்தது. கடைசி நாளில் கை நடுங்கும் வீரரைப் பார்த்தால், 1956-ல் தோற்ற அனுபவத்திலிருந்தே அவரால் பேச முடிந்தது.

சரி, நமக்கு இதில் என்ன?

'தன்னம்பிக்கை இருந்தால் போதும்' என்று இந்தக் கதையை முடிப்பது ரொம்ப ஈசி. அது பாதி உண்மைதான். அந்த மைக் முன்னால் அவரை உட்கார வைத்ததில் யு.எஸ். ஓபன் சாம்பியன் என்ற பெயருக்கும் பங்கு உண்டு. அவரிடம் விஷயம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

கோப்பை எதுவும் இல்லாத, ஆனால் வேலை தெரிந்த ஒருவர் திக்கினால் என்ன செய்கிறோம்? அவர் வாக்கியத்தை நாமே முடித்து வைக்கிறோம். மீட்டிங்கில் அவர் முறை வந்தால் தாண்டிப் போகிறோம். பதிலுக்கு இன்னும் பத்து விநாடி கொடுப்பது, சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல அனுமதிப்பது போன்ற மாற்றங்களுக்கு நிறுவனங்கள் பெரிதாக எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை.

வென்சுரி 2013-ல், 82 வயதில் காலமானார். உலக கோல்ஃப் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் ஒரு சொல்லில் சிக்கி நின்றால், கொஞ்சம் காத்திருங்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம்.